அக்கரைப் பிரயாணம்: மூட்டை கட்டுமுன்

தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்கு வரும் யாத்திரிகர்களிடம், "அதோ தெரிகிறதே, அதுதான் இலங்கை" என்று கையைக் காட்டாத வழிகாட்டி கிடையாது. அவர் காட்டிய திசையில் உண்மையில் தெரிவது நீர். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மேகத் துண்டு. ஆயினும் வந்தவர்கள் பார்த்துவிட்டதாகவே தலையை ஆட்டி, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இலங்கை விஷயத்தில் எங்கள் இராமநாதபுரம் ஜில்லாவாசிகளின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். தினமும் பேசுகிறோம், பார்த்தவர்கள் மிகச் சிலரே.

எங்கள் பாட்டனார் காலத்தில் இப்படி இல்லை. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் கால் வைத்துச் சுமார் 20 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்துக்கொண்டு நிற்கும். தோட்ட வேலைக்குப் போகும் ஏழைகள் மட்டும் மண்டபம் முகாமில் சில தினங்கள் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, துணிமணிகளை ஆவியில் வேகவைத்துக்கொண்டு பிறகுதான் கப்பலேற வேண்டும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் வந்த புயல் தனுஷ்கோடியை ரயிலோடும் மக்களோடும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1984-ஆம் ஆண்டு வாக்கில் நின்றுபோயிற்று. இன்று அக்கரை நமக்கு அந்நிய தேசம். பாஸ்போர்ட்டும் அனுமதியும் இல்லாமல் அங்கே அடி வைக்க முடியாது.

2025-ஆம் வருஷக் கோடை விடுமுறையில், முப்பது பேர் கொண்ட ஒரு கோஷ்டியோடு எட்டு நாள் யாத்திரையாக நாங்களும் அக்கரை சென்று வந்தோம். நான், என் மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், அறுபத்தெட்டு வயதான என் தாயார் ஆகிய நால்வர். எங்கள் புத்திசாலித்தனமும் அசட்டுத்தனமும் சரிபாதியாகக் கலந்த அனுபவத்தை, அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பங்களின் உபயோகத்துக்காக இங்கே எழுதுகிறேன்.

அம்மா கேட்ட கேள்வி

பிரயாண ஏற்பாட்டாளர் வர்ணப் படங்களுடன் ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். நல்லூர்க் கந்தசாமி கோயில், நயினாதீவு நாகபூஷணி அம்மன், திருக்கேதீச்சரம், திருக்கோணமலை, சிகிரியா, கண்டி தலதா மாளிகை, நுவரெலியா என்று வரிசையாக இருந்தது. நான் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். மனைவி சந்தோஷப்பட்டாள். மகள் சிகிரியாக் குன்றின் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். என் தாயார் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க தோட்டத்துக்குப் போகாம எந்த நாட்டுக்குப் போறோம், தம்பி?" என்றார்.

என் தாயார் பிறந்தது ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். புயல் அடித்த அதே 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 5,25,000 மலைநாட்டுத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. ஐந்தேகால் லட்சம் என்று எழுதிவிடுவது சுலபம். அதில் ஒருவராக 1973-இல், தமது பதினாறாம் வயதில், தாய் தந்தையரோடு இராமேசுவரத்தில் வந்து இறங்கியவர் என் தாயார். ஐம்பத்திரண்டு வருஷமாக அவர் அந்தத் தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. சரித்திரம் போதிக்கும் உபாத்தியாயன் தன் வீட்டுச் சரித்திரத்தைக் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே முதல் யோசனை இது. முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, "அந்தத் தேசத்தில் நீ கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது எது? ஒன்றே ஒன்று சொல்" என்று கேளுங்கள். வயதானவர்கள் உடனே சொல்லமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

காகிதத்தில் உள்ளதே கணக்கு

வழிகாட்டியுடன் போகும் யாத்திரையில் நமக்கு மிச்சமாவது அலைச்சல். நாம் இழப்பது சுதந்திரம். இந்த வியாபாரத்தின் நிபந்தனைகளைப் புறப்படுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வது சிலாக்கியம். "எட்டு நாள்" என்பதில் போகும் நாளும் வரும் நாளும் சேர்த்தியா? நுழைவுக் கட்டணம் அடக்கமா? அங்கே பல இடங்களில் அயல்நாட்டாருக்குத் தனிக் கட்டணம் உண்டு. சில இடங்களில் ஸார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். பகல் உணவு யார் செலவு? ஓர் அறையில் எத்தனை பேர்? காற்று மிகுந்து கப்பல் நின்றுவிட்டால் அன்றிரவு தங்கும் செலவை யார் ஏற்பது? இவற்றைக் கேட்டால் ஏற்பாட்டாளர் முகம் சற்றுச் சுளிக்கலாம். இப்போது சுளிக்கும் முகம், அக்கரையில் சுளிக்கும் முகத்தைவிட மேலானது.

எங்கள் காகிதத்தில் "மலைநாட்டுத் தேயிலைத் தோட்டக் காட்சி" என்று ஒரு வரி இருந்தது. விசாரித்ததில், சாலையோரத்துத் தொழிற்சாலை ஒன்றில் தேநீர் கொடுத்துத் தேயிலைப் பொட்டலம் விற்கும் இடம் அது என்று தெரிந்தது. கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் சாலையில் ஹட்டன் வராது; நானுஓயா, தலவாக்கலை வழியாகத் தனியே இறங்க வேண்டும். மற்ற யாத்திரிகர்களை இதற்காக இழுத்தடிப்பது நியாயமல்ல. ஆகவே, நுவரெலியாவில் ஏரிக்கும் கடைவீதிக்குமாக ஒதுக்கியிருந்த அரை நாளில், எங்கள் சொந்தச் செலவில் ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு போய், பிற்பகல் 3 மணிக்குள் கோஷ்டியோடு சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு செய்து, அந்த ஒரு வரியையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்த வரியின் மதிப்பு பிறகு தெரிந்தது.

பெயரும் தேதியும்

பாஸ்போர்ட்டுக்கு, திரும்பும் தேதிக்கு அப்பாலும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட்டு வேண்டும். எங்கள் வீட்டில் தாமதம் நேர்ந்தது அம்மாவின் பெயரால். தோட்டத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக் கோவை. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் வேறொன்று. ஆதார் அட்டையில் மூன்றாவது. பிறந்த தேதியும் ஒன்றுக்கொன்று ஒரு வருஷம் வித்தியாசம். இதை நேர்செய்ய இரண்டு மாதம் பிடித்தது. தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நம் பகுதியில் அநேகம். அவர்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய காகிதங்களை இன்றே எடுத்து ஒத்துப் பாருங்கள். பூச்சி அரிக்குமுன் பிரதியும் எடுத்துவையுங்கள்.

இலங்கை நுழைவு அனுமதியை இணையத்தின் மூலமே பெறலாம். ஆனால் அதன் கட்டணமும் விதிகளும் சமீப வருஷங்களில் அடிக்கடி மாறியிருக்கின்றன. ஆதலால், பிரயாண மாதத்தில் அவர்கள் அரசாங்கத்தின் சொந்தத் தளத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வழியும் பருவமும்

ஆகாய மார்க்கமாகப் போகிறவர்கள் சென்னை, திருச்சி, மதுரை ஆகிய இடங்களில் விமானம் ஏறலாம். நாங்கள் கடல் மார்க்கமாகப் போனோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி கப்பல் தொடங்கிச் சில நாட்களில் நின்றது; 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல். ஏறக்குறைய நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் நிறுத்திவிடுவது வழக்கமாகையால், ஐப்பசி கார்த்திகையில் கப்பலை நம்பித் திட்டமிட வேண்டாம். எந்த மாதமாயினும் திரும்பும் தேதிக்குப் பின் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்வது உசிதம். திங்களன்று வேலைக்குப் போகவேண்டியவர் ஞாயிறன்று கப்பலேறலாகாது.

கடல் மயக்கத்துக்குப் பயப்படுகிறவர்கள் வயிறு நிறையவும் உண்ணாமல், வெறும் வயிறாகவும் இராமல், இரண்டு இட்லியோடு ஏறி, கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தப்பலாம். வைத்தியர் தந்த மாத்திரையை, மயக்கம் வருமுன் உட்கொள்ள வேண்டும். வந்தபின் அது உள்ளே தங்காது.

வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே வெசாக் பண்டிகை வருகிறது. ஊரெங்கும் காகித விளக்குகள். வழிப்போக்கர்களுக்கு இலவசமாக உணவு வழங்கும் 'தன்சல்' பந்தல்கள். காண வேண்டிய காட்சிதான். ஆனால் சாலை நெரிசலைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' என்னும் அரசாங்க விடுமுறை. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதி குறிப்பது இங்கே கலியாணத்துக்கு; அங்கே பிரயாணத்துக்கும்.

நாங்கள் திரும்பிய பிறகு, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கி, நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கொள்ளை கொண்டது. இனி மலையேறுகிறவர்கள் அந்தந்தச் சாலை, ரயில் இவற்றின் நிலைமையைப் புறப்படும் வாரத்திலேயே விசாரித்தறிய வேண்டும்.

பணமும் மின்சாரமும்

நம் நாட்டு நோட்டாக ஒருவர் 25,000 ரூபாய் வரையில்தான் எடுத்துச் செல்லலாம். எங்கள் பிரயாண காலத்தில் நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் சுமார் மூன்றரை கிடைத்தது. முதல் நாள் சாப்பாட்டுக் கடையில் ரசீதைப் பார்த்து என் மனைவி திடுக்கிட்டுவிட்டாள். என் மகள் மனத்துக்குள்ளேயே மூன்றரையால் வகுத்து, "நம்ம ஊர் விலைதான், அம்மா" என்று தைரியம் சொன்னாள். பள்ளிக்கணக்கு ஒருநாள் பயன்பட்டது கண்டு எனக்கு உண்டான ஆனந்தம் சிறிதல்ல. 2024 பிப்ரவரி முதல் நம் யு.பி.ஐ. முறையிலும் அங்குள்ள பல கடைகளில் பணம் செலுத்தலாம். ஆயினும் மலைநாட்டுச் சிறு கடைகளுக்குக் கைப்பணமே துணை. வெளிநாட்டு யாத்திரைக் கட்டணத்தோடு அரசாங்கத்துக்காக ஒரு வரியையும் ஏற்பாட்டாளர் பிடித்துச் செலுத்துவார். அந்தச் சான்றை வாங்கி வைத்தால் வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம், நேரம் ஒன்றே. ஆனால் சுவரிலுள்ள மின்துளைகள் பல இடங்களில் சதுர முனைக்கானவை. கைத்தொலைபேசிக்கு மின்னூட்ட இடைச்செருகி ஒன்று எடுத்துச் செல்லாவிட்டால் எட்டு நாளும் பிறர் தயவுதான்.

உடையும் உணவும்

நல்லூரில் ஆடவர் மேலாடையின்றித்தான் உள்ளே செல்ல வேண்டும். ஆகவே வேட்டி அவசியம். பௌத்த ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; பாதரட்சையும் தொப்பியும் கூடாது. நடுப்பகலில் கல்தரை கொதிக்குமாதலால் ஒரு ஜோடி காலுறை கைப்பையில் இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதை அவர்கள் பெரும் அவமரியாதையாகக் கருதுகிறார்கள். நம் கர்ப்பக்கிருகத்துக்கு முன் ஒருவர் அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம். எங்கள் ஜில்லாவில் பெட்டிக்குள் தூங்கும் கம்பளிச் சட்டைக்கு அங்கேதான் வேலை. மழைக் காலத்தில் புல்வெளியில் அட்டை ஏறும். சிறிது உப்பு எடுத்துச் செல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடியப்பம், பிட்டு, சொதி எல்லாம் நம் வீட்டுப் பண்டம்போலவே இருக்கும். ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சில கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் கலப்பது அங்கே சகஜம். "மாசி போடாததா?" என்று கேட்டபின் கையை வையுங்கள். 'மரக்கறிச் சாப்பாடு' என்றால் காய்கறிச் சாப்பாடு என்று அறிக. தினமும் உட்கொள்ளும் மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும், வைத்தியர் சீட்டோடு வையுங்கள்.

நாவுக்கும் ஒரு தயாரிப்பு

இரண்டு சிங்களச் சொற்களாவது கற்றுப் போங்கள். வணக்கத்துக்கு 'ஆயுபோவன்', நன்றிக்கு 'ஸ்தூதி'. இவற்றைக் கேட்ட கடைக்காரர் முகம் மலரும். யாழ்ப்பாணத் தமிழும் நமக்குச் சற்றுப் புதிது. "ஆறுதலாகப் போங்கோ" என்று ஒரு பெரியவர் சொன்னபோது, எனக்கு என்ன துக்கம் நேர்ந்துவிட்டதென்று நான் திகைத்தேன். மெதுவாகப் போகலாம் என்பதே அதன் பொருள்.

பேசத் தெரிவதைவிடக் கேட்கத் தெரிவது முக்கியம். 2009 மே மாதத்தில் முடிந்த யுத்தம் அந்த மண்ணில் எந்த வீட்டையும் தொடாமல் விடவில்லை. காட்சிசாலையில் கேட்பதுபோல் அதைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். "இராமநாதபுரம்" என்று நான் ஊர் சொன்னதும், ஒரு மீனவர் எங்கள் கரையின் இழுவைமடிப் படகுகள் தம் வலைகளை அறுத்த கதையைச் சொன்னார். எங்கள் கரை மீனவர் சிறையிருந்த கதை எனக்குத் தெரியும். வலை அறுந்த கதையை அன்றுதான் நேரில் கேட்டேன். தேசாபிமானம் என்பது நம் பக்கத்துக் கதையை மட்டும் கேட்பதன்று என்று என் மாணவர்களுக்கு இனிமேல் கூச்சமின்றிச் சொல்லலாம்.

அரை நாள்

நுவரெலியாவில் அந்த நாள் வந்தது. காலையில் மழை. வழிகாட்டி, மழையால் ஏரியைப் பார்க்க முடியாதென்றும், மத்தியானமே புறப்பட்டுவிடலாமென்றும் சொன்னார். பலருக்கும் சம்மதம். நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் படித்தார், அம்மாவைப் பார்த்தார், "மூன்று மணி, ஸார்" என்றார். மற்றவர்களும் முணுமுணுக்காமல் கடைவீதிக்குப் போனார்கள்.

தோட்டக் காரியாலயத்துக்கு, ஹட்டனிலுள்ள தூரத்து உறவினர் மூலம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டிருந்தோம். தனியார் தோட்டத்துக்குள் சொல்லாமல் நுழைவது தவறு. சொல்லிப் போனதால் ஒருவர் வழிகாட்டவும் வந்தார். லயத்தின் கூரை மாறியிருந்தது. பிரட்டுக்களம் அதே இடத்தில் இருந்தது. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு மூதாட்டி, "நீங்க யாரு மக?" என்று கேட்க, அம்மா தம் தகப்பனார் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் என் தாயார் தம் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். இராமநாதசுவாமி கோயில் விபூதி, சிறிது மஞ்சள். கூடவே ஒரு சின்ன சீசாவில் அக்கினி தீர்த்தம். தோட்டத்தின் ஓரத்தில், ஒரு மரத்தடியில், கல் எதுவும் இல்லாத ஓர் இடத்துக்கு அந்த மூதாட்டி எங்களை அழைத்துப் போனார். அம்மாவின் தங்கை ஒருத்தி, கப்பலேறுவதற்கு முந்திய வருஷம், ஏழு வயதில் காய்ச்சலில் இறந்தவள், அங்கே இருக்கிறாள். அப்படி ஒரு சிற்றன்னை எனக்கு இருந்ததே அந்த நிமிஷம் வரையில் எனக்குத் தெரியாது. அம்மா விபூதியைத் தூவித் தீர்த்தத்தைத் தெளித்தார். "சொல்லாம வந்துட்டேன்னு இருந்திச்சு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது ஒரு தேயிலைக் கன்றும் ஒரு பிடி மண்ணும் கொண்டுவர ஆசைப்பட்டார். உரிய அனுமதியின்றிச் செடியையும் மண்ணையும் நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தராது என்று நான் உபாத்தியாயக் குரலில் விளக்கினேன். சரியென்று தலையாட்டி, அந்த மூதாட்டி கொடுத்த ஒரு பொட்டலம் தேயிலைத் தூளை வாங்கிக்கொண்டார். 2 மணி 50 நிமிஷத்துக்கு நாங்கள் கோஷ்டியோடு சேர்ந்தோம்.

கம்பளிச் சட்டை, மாத்திரை, இடைச்செருகி எல்லாம் வேண்டியவைதான். மறந்துவிட்டால் அக்கரையிலும் விலைக்குக் கிடைக்கும். பிரயாணத்துக்கு முன் வீட்டாரைக் கேட்க மறந்த கேள்விக்கு மட்டும் எந்தக் கடையிலும் பதில் கிடைக்காது. மூட்டை கட்டுமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.